சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை: டிரமடாலா, பாராசிட்டமாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், கோபாலபுரம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ போய், காலையில் ஆபரேஷன் செய்துகொண்டு அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இங்கே சொல்லும் அளவுகள் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு. உங்கள் டாக்டர் வேறு அளவு எழுதியிருந்தால் அவர் எழுதியதே கணக்கு.

எதெல்லாம் சின்ன ஆபரேஷன்? எத்தனை நாள் வலிக்கும்?

ஞானப்பல் பிடுங்குவது, கொழுப்புக் கட்டி எடுப்பது, சீழ்க்கட்டி கீறுவது, ஹெர்னியா, மூலம், பவுத்திரம், சுன்னத், கை மணிக்கட்டு நரம்பு ஆபரேஷன், துளை போட்டுச் செய்யும் பித்தப்பை ஆபரேஷன் ஆகியவை. பெரும்பாலானவற்றில் முதல் 48 மணி நேரம்தான் கடுமை, மூன்றாம் நாளிலிருந்து இறங்கும். பல் பிடுங்கிய இடத்தில் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூல ஆபரேஷன் மட்டும் தனி ரகம். ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் மலம் போகும்போதெல்லாம் வலிக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதில் எது ஓபியாய்டு, எது இல்லை?

ஓபியாய்டு என்றால் அபின் வேலை செய்கிற அதே இடத்தில், மூளையிலும் தண்டுவடத்திலும், வேலை செய்யும் மருந்து. நம் பக்கத்துச் சீட்டுகளில் பெரும்பாலும் பார்ப்பது டிரமடால். அடுத்தது டேபென்டடால். அல்ட்ராசெட் போன்ற மாத்திரைகளில் டிரமடால் 37.5 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்திருக்கும். மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் ஆபரேஷன் தியேட்டரோடு சரி. சின்ன ஆபரேஷனுக்கு அவற்றை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள்.

ஓபியாய்டு அல்லாதவை இரண்டு வகை. ஒன்று பாராசிட்டமால்: டோலோ, கால்பால், குரோசின். மற்றொன்று வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகள்: ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், நாப்ராக்சென், கெட்டோரோலாக். இந்த இரண்டாம் வகையைக் கீழே ‘வீக்க மாத்திரை’ என்றே சொல்கிறோம்.

எது நன்றாகக் கேட்கும்? டிரமடால்தானே பவரான மாத்திரை?

இல்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வலி மாத்திரைகளை ஒப்பிட ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஞானப்பல் பிடுங்கியவர்களைத்தான். காயம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, வயதும் பெரும்பாலும் இளவயது, வலியும் ஒரே நேரத்தில் ஏறும். அதில் ஒரு கணக்கு போடுவார்கள்: எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையால் கிடைக்காத அளவுக்கு ஒருவருக்குக் கூடுதலாக வலி பாதியாகக் குறையும்? எண் சின்னதாக இருந்தால் மருந்து நல்ல மருந்து. ஐபுபுரோஃபென் 400 மி.கி.க்கு இந்த எண் 2.5. பாராசிட்டமால் 1000 மி.கி.க்கு 3.6. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 1.5. டிரமடால் 50 மி.கி. மட்டும் கொடுத்தால் 8-ஐத் தாண்டுகிறது. 100 மி.கி. கொடுத்தாலும் 5-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

காரணம் எளிது. கத்தி பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வீக்கம், சூடு, தொட்டால் சுரீர் என்பது எல்லாம் அதன் வேலை. வீக்க மாத்திரை அந்தச் சுரப்பையே அடைக்கிறது. டிரமடால் காயத்தை ஒன்றும் செய்யாது, வலி மேலே போய்ச் சேரும் வழியை மட்டும் மந்தமாக்கும். அதிலும் டிரமடால் முழு வேலை செய்யக் கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றித் தர வேண்டும். அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கு மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும், வலியைத் தொடாது. வேறு சிலருக்கு நொதி மிக வேகம். ஒரே மாத்திரையில் அளவுக்கு மீறிய மயக்கம் வரும். யார் எந்த ரகம் என்பது முதல் மாத்திரை போடும்வரை தெரியாது.

2017-ல் நியூயார்க்கில் கை கால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 416 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 1000 மி.கி.யும், மற்றவர்களுக்கு மூன்று விதமான ஓபியாய்டு கலவைகளும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வலி குறைந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. 2022-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் பற்றிய 47 சோதனைகளை, மொத்தம் 6607 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஓபியாய்டு கொடுத்ததால் வலி கூடுதலாகக் குறையவில்லை. வாந்தி, மலச்சிக்கல், தலைசுற்றல்தான் கூடியது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சின்ன, நடுத்தர ஆபரேஷன்கள். மூட்டு மாற்றுவது போன்ற பெரிய ஆபரேஷன்களுக்கு இந்த முடிவை அப்படியே கொண்டுபோய் ஒட்டக் கூடாது.

அப்படியென்றால் எங்களுக்கு ஏன் டிரமடால் எழுதினார்கள்?

சில சீட்டுகளில் அது சரியான முடிவு. வயிற்றில் புண் இருந்து ரத்தம் கசிந்தவர், சிறுநீரகம் கெட்டவர், வீக்க மாத்திரை சாப்பிட்டால் வீசிங் வருகிறவர் ஆகியோருக்கு வீக்க மாத்திரை கொடுக்க முடியாது. பாராசிட்டமால் மட்டும் போதாதபோது டிரமடால்தான் மிச்சம். மற்றொன்று, எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் முதல் ராத்திரி தாங்க முடியாமல் போனால் என்று கையிருப்பாகக் கொடுப்பது. அதற்கு ஆறு, எட்டு மாத்திரை போதும்.

சில சீட்டுகளில் அது வெறும் பழக்கம். ஏழு நாளுக்கு, நாளைக்கு மூன்று என்று பல் பிடுங்கியவருக்கு டிரமடால் எழுதியிருந்தால், “இது இல்லாமல் சமாளிக்கலாமா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். அதை மூன்று வேளையும் போட்டுத் தீர்க்கிறவர்கள் நிறைய.

எப்படிச் சாப்பிடுவது? வலி வந்த பிறகா, வருவதற்கு முன்பா?

முதல் இரண்டு மூன்று நாள் கடிகாரத்தைப் பார்த்து. வலி மாத்திரை கேட்கவில்லை என்று சொல்கிறவர்களை விசாரித்தால், வலி ஏறிய பிறகு ஒன்று போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் கேட்கவில்லை என்று இன்னொன்று போட்டிருப்பார்கள். பாராசிட்டமாலுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது வேண்டும். டிரமடாலுக்கு ஒரு மணி நேரம், உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

இரண்டு வகையும் சேர்த்துச் சாப்பிட டாக்டர் சம்மதித்திருந்தால் ஒரு நாள் இப்படி ஓடும். காலை 6 மணிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு. 8 மணிக்கு இட்லியோ தோசையோ சாப்பிட்டதும் ஐபுபுரோஃபென் 400. பகல் 12-க்குப் பாராசிட்டமால். 2 மணிக்குச் சோறு சாப்பிட்டதும் ஐபுபுரோஃபென். மாலை 6-க்குப் பாராசிட்டமால். ராத்திரி 9-க்குச் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரோஃபென். படுக்கப் போகும்போது, 12 மணியை ஒட்டி, கடைசிப் பாராசிட்டமால். ஆக மொத்தம் பாராசிட்டமால் 4 கிராம், ஐபுபுரோஃபென் 1200 மி.கி. இது உச்ச வரம்பு, இதைத் தாண்டக் கூடாது. உடல் மெலிந்தவருக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்று குறைக்க வேண்டும். 40 கிலோ உள்ளவருக்கு 600 மி.கி. வரும், 650 மாத்திரையே கொஞ்சம் கூடுதல்தான், 500 போதும்.

650 மாத்திரையை இரண்டாகப் போடாதீர்கள். இரண்டு 500 என்றால் ஒரு வேளைக்கு 1000, அது சரியான அளவு. இரண்டு 650 என்றால் 1300. நாலு வேளையில் 5.2 கிராம் ஆகிவிடும்.

குறைக்கும்போது வரிசை உண்டு. டிரமடால் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அடுத்து வீக்க மாத்திரை, கடைசியாகப் பாராசிட்டமால். வீக்க மாத்திரை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போவதென்றால் டாக்டரைக் கேட்டுத்தான். கெட்டோரோலாக் ஊசியும் மாத்திரையும் சேர்த்து ஐந்து நாளைத் தாண்டவே கூடாது.

ஆஸ்பத்திரியில் வலியே இல்லை, வாளையார் தாண்டியதும் உயிர் போகிறது. ஏன்?

காயத்தைச் சுற்றிப் போட்ட மரத்துப் போகும் ஊசி தீர்ந்துவிட்டது. லிக்னோகெயின் என்றால் ஒன்று, இரண்டு மணி நேரம். புபிவாகெயின் என்றால் நாலு முதல் எட்டு மணி நேரம். கோவையிலிருந்து பாலக்காடு 50 கி.மீ. சொச்சம். டிஸ்சார்ஜ், பில், ஆட்டோ, பஸ் என்று நேரம் கூட்டிப் பாருங்கள், மருந்து இறங்குகிற நேரமும் வேகத்தடைகளும் ஒன்றாக வரும்.

கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பு, மரப்பு இருக்கும்போதே, முதல் பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்றை மட்டும் நர்சிடம் கேளுங்கள்: தியேட்டரில் கடைசியாக எந்த வலி மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? நரம்பில் பாராசிட்டமால் ஏற்றியிருந்தால் அங்கிருந்து ஆறு மணி நேரம் எண்ண வேண்டும். டைக்ளோஃபினாக் 75 மி.கி. ஊசியோ 100 மி.கி. ஆசனவாய் மாத்திரையோ வைத்திருந்தால் அன்றைய டைக்ளோஃபினாக் கணக்கில் (உச்சம் 150 மி.கி.) பாதியோ அதற்கு மேலோ முடிந்துவிட்டது. அடுத்த வீக்க மாத்திரை எப்போது என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் இன்னொன்று: எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கிறது, படுத்தால் குறைகிறது என்ற தலைவலி காயத்தின் வலி அல்ல. அது அந்த ஊசியால் வருவது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

மூன்று நாலு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் வேறு வேறுதானே?

பெயர்தான் வேறு. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தைப் படித்தால் பல மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஒரு நிஜமான சேர்க்கையைக் கூட்டிப் பார்ப்போம்.

சீரோடால் எஸ்.பி. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒன்றில் அசெக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325, செராஷியோபெப்டிடேஸ் 15. இரண்டில் பாராசிட்டமால் 650.
டோலோ 650 நாலு வேளை. 2600.
அல்ட்ராசெட் மூன்று வேளை. 975.

கூட்டினால் 4225 மி.கி. எதையும் ‘அளவுக்கு மீறி’ச் சாப்பிடாமலேயே வரம்பு தாண்டியாகிவிட்டது. இதோடு சளிக்கு என்று கடையில் ஒரு மாத்திரை வாங்கினால் அதிலும் பாராசிட்டமால் இருக்கும். பாராசிட்டமால் கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் குமட்டல் அவ்வளவுதான். கல்லீரல் அடிபடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே வரும். முறிவு மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் கணக்கு தப்பிவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

அதே ஆபத்து வீக்க மாத்திரையிலும் உண்டு. ஒரு டாக்டர் அசெக்ளோஃபினாக் கொடுத்திருப்பார், வீட்டில் காம்பிஃப்ளாம் இருக்கும். அதில் ஐபுபுரோஃபென் 400. இரண்டு வீக்க மாத்திரை சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும்.

செராஷியோபெப்டிடேஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: வீக்கத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

யாருக்கு வீக்க மாத்திரை ஆகாது?

முன்பு அல்சர் இருந்தவர், ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனவர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர். இதயம் பலவீனமாக இருந்து கால் வீங்குகிறவர், ஹார்ட் அட்டாக் வந்தவர். ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ போட்டு மூச்சு இழுத்தவர். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறவர். கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு.

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பிரஷர் மாத்திரை. எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் இவற்றில் ஒன்றும், நீர் போக்கும் மாத்திரை ஒன்றும் சாப்பிடுகிறவருக்கு ஐபுபுரோஃபெனும் சேர்ந்தால், மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்து, வாந்தி எடுத்து, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நாளில் இது நடந்தால் சிறுநீர் நின்றே போகலாம். பெரும்பாலும் அந்தப் பிரஷர் மாத்திரைகளின் பெயர் சீட்டில் ‘டெல்மா எச்’ போல ஒரே பெயராக இருக்கும். அதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதயத்துக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் ஐபுபுரோஃபெனை முதலில் போட்டால் ஆஸ்பிரினின் வேலை கெடும். ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி கழித்தே ஐபுபுரோஃபென். ஸ்டென்ட் வைத்தவர் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொரு தடை. ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தால் அது காயத்தால் மட்டுமே வந்தது என்று இல்லை. பாலக்காட்டுப் பக்கம் டெங்குவும் எலிக்காய்ச்சலும் மழையோடு வரும். டெங்குவில் வீக்க மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் 101 டிகிரி தாண்டினால் வீக்க மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமால் மட்டும் வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

கூடவே கேஸ் மாத்திரை வேண்டுமா?

65 வயதுக்கு மேற்பட்டவருக்கும், ஆஸ்பிரினோ ஸ்டீராய்டோ சாப்பிடுகிறவருக்கும் வேண்டும். பான்டோபிரசோல் 40, காலை உணவுக்கு அரை மணி முன்பு. மூன்று நாள் ஐபுபுரோஃபென் சாப்பிடும் இளவயதுக்காரருக்கு அவசியமில்லை, வெறும் வயிற்றில் போடாமல் இருந்தால் போதும்.

மூல ஆபரேஷன் ஆகியிருக்கிறது. டிரமடால் போட்டால் வலி குறைகிறது, ஆனால்…

ஆனால் மலம் இறுகிவிடுகிறது. ஓபியாய்டு எல்லாமே குடலின் அசைவை மந்தமாக்கும். இரண்டு நாள் போகாமல் மூன்றாம் நாள் கல்லாகப் போனால் அந்த ஒரு தடவை வலி, மிச்ச எல்லா நாள் வலியையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், தையலும் பிரியும். பயந்து அடக்கினால் இன்னும் இறுகும். மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு, ஹெர்னியா இந்த நாலுக்கும் டிரமடாலைத் தவிர்க்கச் சொல்வதில் நாங்கள் கண்டிப்பு.

தவிர்க்க முடியாவிட்டால் முதல் மாத்திரையோடேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சிக்கல் வந்த பிறகு அல்ல. லாக்டுலோஸ் ராத்திரி 15 முதல் 30 மி.லி. இசப்கோல் மட்டும் போதாது, அதுவும் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அடைத்துக்கொள்ளும். மலம் போனதும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தொட்டியில் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். இறுகியிருக்கும் தசை தளர்ந்து வலி இறங்கும். நாளைக்கு மூன்று தடவை செய்யலாம். காலை மாத்திரையை மலம் போகும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பு வருமாறு நகர்த்திக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பெரிய வித்தியாசம் காட்டும்.

ஊசி போட்டாத்தானுங்க வலி கேக்கும்?

வாயால் விழுங்க முடிந்தால் ஊசிக்கு அவசியமில்லை. டைக்ளோஃபினாக் ஊசி கொஞ்சம் சீக்கிரம் வேலை தொடங்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாத்திரையும் அதே இடத்துக்கு வந்திருக்கும். இடுப்பில் தவறாகப் போட்ட ஊசியால் சீழ் பிடிப்பதும், அரிதாகத் தோலும் தசையும் கறுத்து அழுகுவதும், நரம்பு அடிபட்டுக் கால் தளர்வதும் உண்டு. டிரமடால் ஊசியை வேகமாக நரம்பில் ஏற்றினால் வாந்திதான் முதலில் வரும்.

கள் குடிக்கலாமா? அது மருந்து மாதிரிதானே?

சித்தூர்க் கள் என்றாலும் சாராயம் சாராயம்தான். டிரமடாலோடு எந்த அளவும் ஆகாது. இரண்டும் மூச்சை மந்தமாக்கும், டிரமடால் வலிப்பையும் வரவழைக்கும். தினமும் குடிக்கிறவர் பாராசிட்டமாலை ஒரு நாளைக்கு 2 கிராமோடு நிறுத்த வேண்டும், அதாவது 500 மாத்திரை நாலு. வீக்க மாத்திரையோடு குடித்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்புக் கூடும். தினமும் குடிக்கிறவர் அதை டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. திடீரென நிறுத்துவதால் வரும் நடுக்கமும் பிதற்றலும் வலியால் வருவதாகத் தப்பாக எடுத்துக்கொள்ளப்படும்.

குழந்தைக்கு என்ன கொடுப்பது?

பாராசிட்டமால் சிரப், கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. பாட்டில் இரண்டு வலுவில் வரும்: 5 மி.லி.யில் 120 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. வேண்டும். முதல் பாட்டிலில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. பழைய பாட்டில் தீர்ந்து புதியது வாங்கும்போது வலு மாறி, அளவு மாறாமல் போவதுதான் வழக்கமான தப்பு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். அதைக் கரண்டியால் ஊற்றினால் ஆபத்து.

12 வயதுக்குள் டிரமடால், கோடீன் கூடாது. டான்சில் ஆபரேஷன் என்றால் 18 வயது வரைக்கும் கூடாது. நிமசுலைடு 12 வயதுக்குள் கொடுக்க இந்தியாவில் 2011 முதல் தடை. ஆஸ்பிரினும் வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய்?

பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் சாப்பிடலாம், பால் நிறுத்த வேண்டியதில்லை. டிரமடால் வேண்டாம். நொதி வேகமாக வேலை செய்யும் தாயின் பாலில் மருந்து கூடிப் போய்க் குழந்தை மயங்கும்.

வயதானவருக்கு டிரமடால் கொடுத்தோம், ராத்திரி உளறுகிறார்.

நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்கு டிரமடால் குழப்பத்தையும், ரத்தத்தில் உப்பு குறைவதையும், ராத்திரி பாத்ரூம் போகும்போது கீழே விழுவதையும் கொண்டுவரும். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தவர் இடுப்பு எலும்பு உடைந்து திரும்பி வருவது இப்படித்தான். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம், ஃபுளுவாக்சட்டின் போன்றவை சாப்பிடுகிறவருக்கும், வலிப்பு உள்ளவருக்கும் டிரமடால் எழுதக் கூடாது. சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது சொல்லுங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம் சாப்பிடுகிறவரும் அப்படியே. நரம்பு வலிக்கான பிரிகாபாலின், கபாபென்டின் சேர்த்துக் கொடுப்பதும் சின்ன ஆபரேஷனில் வலியைப் பெரிதாகக் குறைக்காது. தூக்கத்தைத்தான் கூட்டும்.

நாலு நாள் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமா?

நாலைந்து மாத்திரையால் பெரும்பாலும் இல்லை. நீளும்போதுதான் சிக்கல். அமெரிக்காவில் 2017-ல் வந்த ஓர் ஆய்வில், அதுவரை ஓபியாய்டு தொடாதவர்களில் சின்ன ஆபரேஷன் செய்துகொண்ட 5.9 சதவீதம் பேர் மூன்று மாதம் தாண்டியும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆபரேஷனில் 6.5 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் காரணம் காயத்தின் அளவு அல்ல. அங்கே சீட்டு எழுதும் முறை வேறு, எண்ணை நம் ஊருக்கு அப்படியே எடுக்க முடியாது. ஆனால் டேபென்டடால் மாத்திரையைப் பொடித்து, கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கம் தமிழ்நாட்டில் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மிச்சம் கிடக்கும் அட்டை யார் கைக்குப் போகும் என்பதை யோசித்து வையுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் புற்றுநோய்க்காரரின் மார்ஃபினைப் பிடுங்கி எறியாதீர்கள். அது வேறு கணக்கு. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கமும், அதில் முன்நின்ற டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்களும் போராடித்தான் அந்த மாத்திரை கேரளத்தில் வீடுவரை வந்தது. நாள்பட்ட கடும் வலிக்கு அது சரியான மருந்து.

கேரளச் சீட்டை வைத்துப் பொள்ளாச்சியில் டிரமடால் வாங்கலாமா? வாட்ஸ்அப்பில் டாக்டர் எழுதியது செல்லுமா?

பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு எந்த மாநிலத்திலும் செல்லும். டிரமடால் எச்-1 பட்டியலில், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், உள்ளது. கடைக்காரர் உங்கள் பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அது போதைப் பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. அதனால் போனிலோ வீடியோவிலோ பார்த்து டிரமடால் எழுத 2020-ன் தொலைமருத்துவ விதிகள் அனுமதிப்பதில்லை. கடைக்காரர் மறுத்தால் அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. செக்போஸ்ட் தாண்டும்போது அசல் சீட்டும் பில்லும் மாத்திரை அட்டையோடேயே இருக்கட்டும்.

எதற்கெல்லாம் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு திரும்ப ஏறினால். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ வந்தால். ஹெர்னியா, மூல ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால். பல் பிடுங்கிய குழியில் நாலாம் நாள் காதுவரை இழுக்கும் வலியும் வாய் நாற்றமும் வந்தால், அது குழி வறண்டது. மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை, பல் டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே தணியும். வலிக்காகக் கூடுதல் மாத்திரை போட்டு இவற்றை மூடி மறைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு.

டிரமடால் சாப்பிட்டவர் தட்டினாலும் எழவில்லை, குறட்டை போல விட்டுவிட்டு மூச்சு வருகிறது, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சு விடுகிறார், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் அதே எண்தான். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

மிச்சமான மாத்திரையை என்ன செய்வது?

பாராசிட்டமால் கெடு தேதி வரை வீட்டில் இருக்கலாம். டிரமடால், டேபென்டடாலை வைத்திருக்காதீர்கள், அடுத்தவர் முதுகுவலிக்குக் கொடுக்கவும் வேண்டாம். மத்திய மருந்துத் தர நிறுவனம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இந்த இரண்டையும் அட்டையிலிருந்து பிரித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடலாம். காலி அட்டையைக் குப்பையில் போடுங்கள்.